இருபதாவது பாட்டு

லிஃப்ட் ஐந்தாவது மாடியில் அரை அங்குலம் தாழ்வாக நின்றது. அவர் செருப்பு முனையால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். நேற்றும் அதே அரை அங்குலம்தான்.

"என்ன சார், ரிட்டயர் ஆனப்புறமும் டியூட்டியா?" எதிர்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார்.

"சும்மா பார்த்தேன்."

"நீங்க இருக்கற தைரியத்துலதான் சார் நாங்க ஏறி இறங்கறோம்."

அந்தக் கட்டடத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். அவர் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. தபால் பெட்டியில் அவருடைய முழுப் பெயர் இருந்தது. காவலாளி அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தார். மருந்துக்கடைக்காரர் அதைப் பையில் எழுதினார். எழுபது வயதுக்கு மேல் தன் பெயர் தனக்குத் திரும்பக் கிடைத்ததை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் காரணம் கேட்பார்கள்.

காரணம் ஒரு பாட்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருடம் அவருடைய தம்பி எழுதி, மெட்டுப் போட்டு, கிடாரோடு தானே பாடிய பாட்டு. வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி, நம்பிக்கை வராமல் மறுபடி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கும் ஒரு மனிதனைப் பற்றியது.

இழுத்துப் பாரு, இன்னொரு வாட்டி இழுத்துப் பாரு,
பூட்டுக்கும் மறதி வரும், இழுத்துப் பாரு.

இது பல்லவி. அந்த மனிதன் அவர்தான். பாட்டு வந்த ஒரு மாதத்துக்குள் தெருவுக்குத் தெரு பாடினார்கள். அவருக்கு "இழுத்துப்பார்" என்று பெயர் விழுந்தது. வேறு பெயர் இருந்ததே மறந்துபோயிற்று.

அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊர் ஊராகப் போய் லிஃப்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது வேலை. ஒவ்வொரு மாடியிலும் மூடிய கதவை இழுத்துப் பார்க்க வேண்டும். லிஃப்ட் வந்து நிற்காதபோது கதவு திறக்கக்கூடாது. அவருக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் ஒரு துணி ஆலையில் இழுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். லிஃப்ட் வராமலே கதவு திறந்தது. இரண்டு பேர் உள்ளே காலை வைத்தார்கள். அந்த மேசையில்தான் அவரை உட்கார வைத்தார்கள். அதனால் ஒவ்வொரு கதவையும் மூன்று முறை இழுத்தார்.

பாட்டு வந்த பிறகு, அவர் கதவில் கை வைத்தால் போதும், பின்னால் யாராவது அதை முணுமுணுப்பார்கள். மருத்துவமனையில் நர்ஸ்கள். ஓட்டலில் சமையல்காரர்கள். ஒரு மந்திரி திறந்துவைத்த பத்து மாடிக் கட்டடத்தில் மந்திரியே. பணி ஓய்வு நாளன்று அலுவலகம் முழுவதும் எழுந்து நின்று அந்தப் பாட்டைப் பாடி அவரை வழியனுப்பியது. அன்போடுதான் பாடினார்கள். அவரும் சிரித்த முகமாக நின்றார். பக்கத்தில் மனைவி மட்டும் பாடவில்லை. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளாவது நம் பக்கம் இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார்.

அவள் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அதன் பிறகுதான் பழைய வீட்டை விட்டு இங்கே வந்தார். இந்த நாற்பத்தெட்டு வீடுகளில் யாருக்கும் அவர் யாருடைய அண்ணன் என்று தெரியாது.

அன்று மதியம் தம்பி மகள் வந்தாள். வந்ததும் மேசையில் ஒரு தாளை வைத்தாள்.

"அப்பாவோட பாட்டுல சிறந்ததா இருபது எடுத்து ஒரே தொகுப்பா கொண்டு வரப்போறாங்க பெரியப்பா. பட்டியல் இது."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மழைக்கு முன்னால். கடைசி பஸ் பொண்ணு. ஞாயித்துக்கிழமை முகம். எல்லாம் தெரிந்த பாட்டுகள்.

"பத்தொம்பதுதான் இருக்கு."

"ஆமா."

"இருபதாவது எங்க?"

"அது உங்ககிட்ட இருக்கு பெரியப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "டீ குடிக்கறியா?"

"குடிக்கறேன். ஆனா பேச்சை மாத்தாதீங்க."

டீ போடும்போது அவள் சமையலறை வாசலில் நின்று சொன்னாள். அந்தப் பாட்டின் மூல டேப்பை எண்பதில் எவனோ அழித்துவிட்டு அதன் மேல் சோப்பு விளம்பரம் பதிந்து வைத்திருக்கிறான். "போட்டுப் பார்த்தா ஒரு பொம்பளை 'வெள்ளை வெளேர்'னு சொல்லிச் சிரிக்கறா. பாட்டு போயே போச்சு."

"கடையில எல்லாம் கிடைக்குதே அந்தப் பாட்டு."

"அது ரேடியோவுக்காக வெட்டினது. மூணு நிமிஷம். அசல் அஞ்சே கால் நிமிஷம். முதல்ல ஐம்பது ரிக்கார்டு முழுசா அடிச்சிருக்காங்க. ரேடியோக்காரங்க நீளம்னு திருப்பி அனுப்பினதும் கம்பெனி எல்லாத்தையும் வாங்கி உருக்கிடுச்சு. அப்பா ஒண்ணை மட்டும் எடுத்துட்டு வந்து உங்ககிட்ட கொடுத்தாராம்."

"கொடுத்தான்."

"இருக்கா?"

"இருக்கு."

"போட்டுக் கேட்டிருக்கீங்களா?"

"ஊரே பாடிக் காட்டுச்சு. நான் தனியா வேற கேக்கணுமா?"

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப ஒரு தடவைகூட ஊசி படாத ரிக்கார்டு!"

"வந்த அன்னிக்கே பீரோவுல வச்சுப் பூட்டினது. இன்னும் அங்கதான் இருக்கு."

"குடுங்க பெரியப்பா."

"தர மாட்டேன்."

அவள் டீயை ஊதினாள். அவசரப்படவில்லை. சின்ன வயதிலிருந்து இவரிடம் கேட்டு வாங்கிப் பழகியவள்.

"அந்தப் பேரு அன்பா வச்ச பேருதானே பெரியப்பா?"

"உனக்கு அன்பா ஒண்ணு வைக்கட்டுமா? ஆயுசுக்கும் கூப்பிடச் சொல்றேன்."

"வேண்டாம்."

"இந்தக் கட்டடத்துல என்னை சார்ங்கறாங்கம்மா. இந்தப் பாட்டு மறுபடி வந்தா பேப்பர்ல எழுதுவான். யாருய்யா அந்த அண்ணன்னு தேடிட்டு வருவான். லிஃப்ட்ல ஏறினா முணுமுணுக்க ஆரம்பிப்பாங்க. எனக்குத் திரும்பவும் அதெல்லாம் முடியாது."

அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். தாளை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்தான். ஐம்பது வருடமாக ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. அண்ணி இருந்தவரை அவள் சமைத்தாள். இப்போது அண்ணன் சமைக்கிறார், தம்பி குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறான்.

"முட்டி எப்படிடா இருக்கு?"

"இடது நல்லாருக்கு. வலது என்னை மாதிரி. வேலைக்குப் போக மாட்டேங்குது."

எழுபத்திரண்டு வயதிலும் தம்பிக்குப் பின்னங்கழுத்துவரை முடி. பாதிக்குச் சாயம் போட்டிருந்தான், மீதிக்குப் பொறுமை இல்லை.

அவர்கள் எல்லாவற்றையும் பேசுவார்கள். அந்தப் பாட்டை மட்டும் பேசியதில்லை. முதலும் கடைசியுமாகப் பேசியது, தம்பி அந்த ரிக்கார்டைக் கொண்டுவந்து நீட்டிய அன்றைக்கு. "உன்னைப் பத்திதாண்ணா" என்று ஒரு நாய்க்குட்டி செருப்பைக் கொண்டுவந்து போடுவதுபோல் நின்றான். அவனுக்கு அது பரிசு. அது என்ன செய்தது என்று அவனுக்கு விளங்க ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் ஊர் பாடி முடித்திருந்தது. அன்றிலிருந்து அண்ணன் இருக்கும் இடத்தில் அதைப் பாடியதில்லை. மகள் கல்யாணத்தில் பன்னிரண்டு பாட்டுப் பாடியவன், அதைப் பாடச் சொன்னபோது தொண்டை கட்டிவிட்டது என்றான்.

"அவ வந்தாளா?" தட்டைப் பார்த்துக்கொண்டே தம்பி கேட்டான்.

"வந்தா."

"நான் அனுப்பல."

"தெரியும்."

"வேண்டாம்னா விடுண்ணா. குழம்புல உப்பு போட்டியா இல்லையா?"

"போட்டேன். கம்பெனிக்காரன் என்ன சொல்றான்?"

"அந்தப் பாட்டு இல்லாம தொகுப்பே இல்லைங்கறான். அதுக்காகத்தான் வாங்குவாங்களாம். மத்த பத்தொம்பதும் கொசுறு."

"அப்ப சின்னதைப் போடச் சொல்லு."

"சின்னதை நான் போட விட மாட்டேன்."

"ஏண்டா?"

"அது என் பாட்டு இல்ல. சிரிக்கற இடத்தை மட்டும் வச்சுட்டு மத்ததை வெட்டிட்டாங்க."

"மத்ததுன்னா?"

இதைத் தான் கேட்டதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"கேக்கறியா?"

"இல்ல. விடு."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது தம்பி சொன்னான், "மத்த பாட்டு டேப் எல்லாம் ஒட்டிக்கிட்டு வருதாம். இப்ப எடுத்தாத்தான் உண்டு, அடுத்த வருஷம் ஒண்ணும் வராதுங்கறா அந்த ஒலிப்பொறியாளர் பொண்ணு. போனா போகுது. எவன் கேக்கறான் அதையெல்லாம்?"

"நான் கேப்பேன்."

"நீ ஒருத்தன் கேட்டா போதுமா?" சிரித்துக்கொண்டே துண்டைத் தோளில் போட்டான். வழக்கமாக நான்கு மணிவரை இருப்பவன் அன்று இரண்டரைக்கே கிளம்பினான்.

திங்கட்கிழமை சவரம் செய்யும்போது அவர் "கடைசி பஸ் பொண்ணு" பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாதியில் கவனித்து நிறுத்தினார். அதன் இரண்டாவது சரணம் நினைவுக்கு வரவில்லை. எங்கேயாவது போட்டுக் கேட்கலாம் என்றால் எங்கேயும் இல்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை காலை தம்பி மகளுக்குப் போன் செய்தார்.

"எடுத்துட்டு வரேன். ஆனா நான் உக்காந்து கேப்பேன். கேட்டுட்டுத்தான் சொல்லுவேன், போடலாமா கூடாதான்னு. கூடாதுன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் யாரும் பேசக்கூடாது."

"சரி பெரியப்பா."

"உங்கப்பனும் பேசக்கூடாது."

"அது கஷ்டம். சொல்லிப் பாக்கறேன்."

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு அச்சகத்துக்கு மேலே இருந்தது. சுவரெங்கும் சாம்பல் நிற நுரைப்பஞ்சு. மூலையில் பழம் உலர்த்தும் மின்சாரப் பெட்டி ஒன்றில் மூன்று டேப் சுருள்கள் இதமான சூட்டில் இருந்தன. ஈரம் போனால்தான் டேப் ஒட்டாமல் ஓடும் என்றாள் ஒலிப்பொறியாளர். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் நான்கு தூரிகைகள் செருகியிருந்தாள். தம்பியும் மகளும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"கேட்டுட்டு முடிவு சொல்வீங்களாமே. லிஃப்ட் மாதிரியா சார்?"

"லிஃப்ட் மாதிரிதான்."

அவர் துணிப்பையிலிருந்து ரிக்கார்டை எடுத்தார். உறை பழுப்பேறியிருந்தது, ஓரம் மடங்கவில்லை. அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு சாணுக்கும் குறைவான சின்னத் தட்டு. அதை ஒரு திரவத்தால் கழுவி, காற்றில் உலர்த்தி, விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தாள். சாய்த்தபடியே கொஞ்சம் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"சார், இதை யாரும் போட்டதில்லைன்னுதானே சொன்னாங்க?"

"ஆமா."

அவள் உருப்பெருக்கியின் கீழ் தட்டை வைத்தாள். ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு எழுந்து, "நீங்களே பாருங்க," என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். கறுப்பு வரிகள் அடுத்தடுத்து, எண்ணெய் தடவியதுபோல் மின்னின. அவள் தட்டை மெல்ல நகர்த்தினாள். மினுமினுப்பு நின்றது. வரிகள் வெளுத்து, அவற்றின் ஓரங்கள் கரைந்து, சாம்பல் பூத்த ஒரு வளையம். அரை விரல் அகலம். அதன் வெளி ஓரத்தில் சின்னச் சின்னக் குத்துகள், நூற்றுக்கணக்கில்.

முப்பத்தேழு வருடம் இரும்புக் கயிறுகளில் அறுந்த இழைகளை எண்ணியவர் அவர். எந்தச் சக்கரத்தில் ஓடியது, எந்தப் பக்கம் இழுபட்டது என்று கயிற்றைப் பார்த்தே சொல்வார். யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரே இடத்துல ஓடியிருக்கு," என்றார்.

"ஆமா சார். முழுசா ரெண்டோ மூணோ தடவைதான் ஓடியிருக்கு. அப்புறம் நேரா இங்க ஊசியை வச்சிருக்காங்க. இந்தக் குத்தெல்லாம் அதுதான். அந்த இடம் முடிஞ்சதும் தூக்கிடுவாங்க. மறுபடி வைப்பாங்க."

"எத்தனை தடவை?"

"ஐநூறுக்குக் குறையாது."

தம்பி மகள் எழுந்து வந்தாள். "அது என்ன இடம்?"

ஒலிப்பொறியாளர் தம்பியைப் பார்த்தாள். தம்பி தட்டின் மேல் குனிந்து வளையத்தின் தூரத்தைக் கண்ணாலேயே அளந்தான்.

"மூணாவது சரணம்," என்றான். "ரேடியோவுல வெட்டினது."

"நான் இதைத் தொட்டதே இல்ல," என்றார் அவர். "பீரோவுல வச்சுப் பூட்டினது. தினம் இழுத்துப் பார்ப்பேன்."

"சாவி யார்கிட்ட பெரியப்பா?"

"என்கிட்ட."

"ஒண்ணுதானா?"

சாவி தொலைந்தால் என்ன செய்வது என்று பயந்து, வீட்டிலிருந்த எல்லாப் பூட்டுக்கும் இரண்டாவது சாவி வெட்டி வைத்தது அவரேதான். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மனைவியிடம் கொடுத்திருந்தார்.

"இன்னொண்ணு அவகிட்ட," என்றார்.

கீழே அச்சகத்தில் இயந்திரம் ஓடும் அதிர்வு நாற்காலியின் கால்களில் தெரிந்தது.

மாதத்தில் பதினைந்து நாள் அவர் வெளியூரில் இருப்பார். வீட்டில் ரேடியோவோடு சேர்ந்த, ரிக்கார்டு போடும் பெட்டி ஒன்று இருந்தது. எண்பத்தொன்பதில் பழுதானபோது விற்றார்கள். அதை விற்க வேண்டாம், ரிப்பேர் செய்யலாம் என்று அவள் இரண்டு முறை சொன்னது நினைவுக்கு வந்தது. நாம்தான் ரிக்கார்டே வாங்குவதில்லையே, எதற்கு என்று அவர் கேட்டார். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

"போடும்மா," என்றார்.

பாட்டு தொடங்கியது. கிடார் நேற்று வாசித்ததுபோல் வந்தது. தம்பியின் இருபத்திரண்டு வயதுக் குரல் அறை நடுவில் நின்றது. பல்லவி வந்தபோது அவர் தோள்கள் இறுகின. ஐம்பது வருடப் பழக்கம். முதல் சரணத்தில் பூட்டு. இரண்டாவதில் அலுவலகம், அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவது. எல்லாம் தெரிந்ததுதான்.

அப்புறம் மணல் கொட்டியதுபோல் ஒரு சத்தம். அதற்கு அடியில் எங்கேயோ தம்பி பாடிக்கொண்டிருந்தான். கிடார் இல்லை, குரல் மட்டும் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஐம்பது நொடி. பிறகு திடீரென்று மணல் நின்று, பல்லவி பளிச்சென்று வந்தது. அவர் கையைத் தூக்கினார். ஒலிப்பொறியாளர் நிறுத்தினாள்.

"அங்க என்னடா பாடியிருக்க?"

தம்பி தொண்டையைச் செருமினான்.

"பாடாதே. சொல்லு."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, ரேஷன் கடையில் முகவரி சொல்வதுபோல் சொன்னான்.

"படியில ஒருத்தி நிக்கிறா, பையி தோளை அறுக்குது. பஸ்ஸு போயிடும்னு சொல்லலை, சொன்னா மட்டும் நிக்குமா. பன்னெண்டு படியை எண்ணுறா, பழையபடி எண்ணுறா. பார்த்துக்கிட்டே இருக்கிறேன், பாவம் அவ சிரிக்கிறா."

எழுபத்து நான்கில் மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மாடியில் ஓர் அறை, ஒரு கூடம். தம்பிக்குக் கூடத்தில் பாய். காலையில் மூன்று பேரும் சேர்ந்துதான் கிளம்புவார்கள். தம்பி முதலில் இறங்கித் தெருவில் நிற்பான். அவள் நடுப்படியில் நிற்பாள். அவர் மேலே கதவடியில் இருப்பார்.

அந்தப் படிகள் பன்னிரண்டா என்று அவருக்குத் தெரியவில்லை. எந்த லிஃப்டுக்கு எத்தனை மாடி என்று இன்றைக்கும் சொல்வார். அந்தப் படிகளை அவர் எண்ணியதே இல்லை.

"நிஜமாவே சிரிப்பாளா?" என்று கேட்டார்.

"யாரு, அண்ணியா? தினமும் சிரிப்பாங்க. வாயை மூடிக்கிட்டு, தோள் மட்டும் குலுங்கும். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாங்க."

"நான் பார்த்ததே இல்லையே."

"நீ எப்படிப் பார்ப்பே? நீ கதவைப் பார்த்துக்கிட்டு நிப்பே."

தம்பி மகள் மூக்கை உறிஞ்சினாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் அழவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்ததும் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தாள். தம்பியும் சிரித்தான். ஒலிப்பொறியாளர் தூரிகைகளைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டாள். அவருக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று காத்திருந்து பார்த்தார்.

"அவளைப் பத்தி எழுதினேன்னு என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீயே கேட்டுத் தெரிஞ்சுக்குவேன்னுதானே ரிக்கார்டையே கொடுத்தேன்."

"அவகிட்ட சொன்னியா?"

"இல்ல. அண்ணியும் ஒரு வார்த்தை சொல்லல. எனக்கே இப்பத்தான் தெரியும், கேட்டாங்கன்னு." தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான். "ரேடியோவுல வெட்டினதும் அந்தச் சரணம் செத்துப் போச்சுன்னு நினைச்சேன்."

ஒலிப்பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப நான் சொல்லலாமா? மத்த இடம் எல்லாம் அருமையா இருக்கு. அந்த ஐம்பது நொடிக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, கம்ப்யூட்டர்ல சத்தத்தைச் சுரண்டி எடுக்கறது. குரல் டப்பாவுக்குள்ளேருந்து பேசற மாதிரி வரும். ரெண்டு, அந்தச் சரணத்தையே வெட்டிடறது."

"அதைத்தான் அவனுங்க அப்பவே செஞ்சாங்களே," என்றான் தம்பி.

"மூணு, நீங்க இப்ப அதை மட்டும் புதுசாப் பாடி ஒட்டறது. வயசான குரல்னு தெரியும். ஆனா வார்த்தை புரியும்."

"பாடறேன். இப்பவே பாடறேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இன்னும் அவர் சரி என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வந்ததுபோல் இருந்தது.

"பெரியப்பா, நீங்க வேண்டாம்னா வேண்டாம். நான் சொன்ன சொல் மாற மாட்டேன்."

அவர் தட்டைப் பார்த்தார். விளக்கின் கீழ் கறுப்பில் அந்த வளையம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வீட்டில் அவர் இல்லாத மதியங்கள். பிஸ்கட் டப்பா. பீரோ. உறையின் ஓரம் மடங்காமல் எடுத்து, கேட்டு, மடங்காமல் திருப்பி வைத்த கை. அவர் ஊரிலிருந்து வந்ததும் இழுத்துப் பார்ப்பார், பூட்டு சரியாக இருக்கும்.

"போடு," என்றார்.

தம்பி பாட எழுந்தான்.

"ஆனா ஒட்டுப்போட வேண்டாம். சுரண்டவும் வேண்டாம். அந்த இடம் இப்ப எப்படி இருக்கோ அப்படியே வரட்டும்."

"சார், ஒண்ணும் கேக்காதே அதுல," என்றாள் ஒலிப்பொறியாளர். "வாங்கினவங்க பழுதுன்னு திருப்பி அனுப்புவாங்க."

"அது பழுது இல்லம்மா."

"எங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே."

"வார்த்தையை அட்டையில அச்சடிச்சிடலாம்," என்றாள் தம்பி மகள். "பாட்டு விவரம் போடற இடத்துல. ஏன் இப்படி இருக்குன்னும் ரெண்டு வரி எழுதலாம். அப்பா, நீங்க எழுதறீங்களா?"

"நான் எழுதினா ரெண்டு வரியில நிக்காது," என்றான் தம்பி.

"எனக்கு ஒரு தாள் கொடுங்க," என்றார் அவர்.

கொடுத்தார்கள். அவர் மேசையோரம் நாற்காலியைச் சரியாக நகர்த்திப் போட்டுக்கொண்டு எழுதினார். நேரம் எடுக்கவில்லை. வேலையில் எத்தனையோ ஆயிரம் முறை எழுதிய வாக்கியங்களின் சாயல் அது, கை தானாகப் போயிற்று. எழுதியதைத் தம்பி மகளிடம் நீட்டினார். அவள் சத்தமாகப் படித்தாள்.

"மூன்றாம் சரணத்தில் தேய்மானம் உள்ளது. தொடர்ந்த பயன்பாட்டினால் ஏற்பட்டது. பயன்படுத்தியவர் என் மனைவி. நேரில் சோதித்தேன். வெளியிடத் தகுதியானது."

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது.

"இதை அப்படியே போடணுமா பெரியப்பா?"

"அப்படியே."

"கீழே யார் பேரு போடறது? யாரோ அண்ணன்னு போட்டுக்கலாம். உங்க கட்டடத்துல தெரிய வேண்டாம்னா."

அவர் கையை நீட்டித் தாளைத் திருப்பி வாங்கினார். அடியில் கோடு கிழித்து, கையெழுத்துப் போட்டார். கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால் அதற்குக் கீழே முழுப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து எழுதினார். பிறகு பதவி. பிறகு ஓய்வு என்று ஒரு சொல். பிறகு தேதி.

"எனக்கு ஒண்ணு வேணும்," என்றார் ஒலிப்பொறியாளரிடம். "அந்த கடைசி பஸ் பாட்டு டேப்பு வந்துடுச்சா?"

"உலர்ந்துட்டிருக்கு சார். ஒரு மணி நேரம் ஆகும்."

"இருக்கேன்," என்றார்.